தொள்ளாயிரம் நாள்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டார். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது. செமஸ்டர் பேப்பர் மாதிரி மட்டும் எழுதாதே" என்று நிபந்தனையும் போட்டார். கவிதை எனக்கு வராது. எனக்குக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது இரண்டே விஷயங்கள். ஒன்று லேத். இன்னொன்று, ஒரு சின்னக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பது. லேத்தைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத நம் ஒர்க்ஷாப்பில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டாவதை எழுதுகிறேன். மாதத்தில் ஒரு நாள் நான் ஏன் கிளாசுக்கு வருவதில்லை என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

மலையும் நாங்களும்

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் நடை. சாமை, கேழ்வரகு, மரவள்ளி, கொஞ்சம் புளி, கொஞ்சம் கடுக்காய்... இதுதான் வருமானம். தாத்தா வளர்ந்த காலத்தில் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாத்தா பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. அப்பா பார்த்தார், உள்ளே போகவில்லை. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்து பாலிடெக்னிக் வரைக்கும் வந்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பையன். சின்னது பெண். வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மாமா வருஷத்தில் ஏழெட்டு மாதம் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போவதும், அதைக் கழிக்க உழைப்பதும் எங்கள் மலையில் புதிது இல்லை.

2023ம் வருஷம் ஐப்பசி மழையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வயசு நாலு. மழைக்காலக் காய்ச்சல்தானே என்று இருந்தோம். விட்டு விட்டு வந்தது. கால் வலிக்குது என்று இராத்திரி அழுதாள். ஓடியாடும் பிள்ளை, "மாமா தூக்கு" என்று கையை நீட்ட ஆரம்பித்தாள். முகம் வெளுத்தது. தொடையில், முதுகில், எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே நீலம் பாய்ந்த தழும்புகள். ஆயா விபூதி போட்டு மந்திரித்தார். அடிவாரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று வாரத்துக்கு மூன்று தடவை ஊசி போட்டார்கள். இரத்தம் மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. பாப்பாவின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார், கழுத்தில் கட்டியைத் தடவிப் பார்த்தார். "இன்னைக்கே கள்ளக்குறிச்சி போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். கள்ளக்குறிச்சியில் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 4. தட்டணுக்கள் 12 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நோயின் பெயர்

எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்கள்: அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் வருவதுதான் மிகுதி.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை இரத்தம் தயாரிக்கும் ஒரு ஒர்க்ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அங்கேதான் உற்பத்தி. ஒரு நாள் வெள்ளையணுவில் ஒரு வகை முற்றாமலேயே, வேலை செய்யத் தெரியாமலேயே, கட்டுப்பாடில்லாமல் பெருக ஆரம்பிக்கிறது. நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் வெளுப்பும் சோர்வும். தட்டணு குறைந்தால் தழும்பும் இரத்தக் கசிவும். நல்ல வெள்ளையணு குறைந்தால் விடாத காய்ச்சல். மஜ்ஜைக்குள் நெருக்கடியானால் எலும்பு வலி. பாப்பாவுக்கு வந்த ஒவ்வொரு கஷ்டத்துக்கும் இதில் காரணம் இருந்தது.

டாக்டர் இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். அப்போது எனக்கு வயது 16. அப்பா கை கட்டி ஓரமாக நின்றார். அக்கா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். மாமா குடகிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "வீட்ல படிச்சவங்க யாரு?" என்று கேட்டபோது எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்து, எங்கள் பேச்சில் மாற்றிச் சொன்னேன். முடி கொட்டும், வாயில் புண் வரும், கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதையும் விடாமல் சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "இது நான் பால் குடுத்ததால வந்ததாடா தம்பி?"

இல்லை. தாய்ப்பாலாலோ, சாப்பாட்டாலோ, கண் பட்டதாலோ, யார் செய்த பாவத்தாலோ வருவதில்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. இதை டாக்டரே அக்காவுக்கு நேரில், நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். அன்றைக்குத்தான் அக்கா முதல் தடவையாக வாய் விட்டு அழுதாள்.

முதல் மாதம்

சிகிச்சை ஏறக்குறைய இரண்டரை வருஷம். தொள்ளாயிரம் நாளுக்கு மேல். முதல் மாதம் நோயை அடக்குவது. அடுத்த சில மாதங்கள் ஒளிந்திருப்பதைத் தேடி அழிப்பது. அப்புறம் சுமார் இரண்டு வருஷம் மாத்திரையால் காவல் காப்பது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குள் நோய் ஒளிந்துகொள்ளும் என்பதால் முதுகுத்தண்டிலும் மருந்து போடுவார்கள்.

முதல் மாதத்தில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பசி எடுக்கும் பாருங்கள், அப்படி ஒரு பசி! இராத்திரி 2 மணிக்கு எழுந்து, "சோறு குடு, ரசம் ஊத்திக் குடு" என்பாள். வார்டில் அந்த நேரத்தில் ரசத்துக்கு எங்கே போவது? சாயங்காலமே ஒரு டப்பாவில் எடுத்து வைப்போம். அது வேண்டாம் என்று முட்டை கேட்பாள். முகம் உப்பி, வயிறு உப்பி, கோபம் மட்டும் குறையாமல் வார்டையே ஆட்டி வைத்தாள். மூன்றாவது வாரம் தலைமுடி தலையணையோடு வந்தது. அக்கா அதைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். பாப்பா கவலைப்படவே இல்லை. பக்கத்துக் கட்டில் பையனுக்கும் மொட்டைதான் என்பதால், "சாமிக்கு முடி குடுத்துட்டோம்" என்று இரண்டும் பேசிக்கொள்ளும்.

அந்த மாதம் பாப்பாவுக்குச் சிவப்பணுவும் தட்டணுவும் பல தடவை ஏற்றினார்கள். இரத்தம் கடையில் விற்கும் சரக்கு இல்லை. யாராவது ஒருவர் கையை நீட்டினால்தான் உண்டு. நான் இரத்த வங்கியில் போய் நின்றேன். "18 ஆகட்டும் தம்பி, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படி. மாமா கொடுத்தார். சித்தப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். இரத்தம் போதவில்லை என்று அவரையும் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குக் கொடுத்தவர்கள் எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. யாரோ கல்லூரி மாணவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் மெஷினில் தட்டணு கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை அசைக்காமல் படுத்திருந்தார். பெயரைக் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டார். அவர் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

குடும்பத்துக்கும் ஒரு சிகிச்சை

மருந்துக்கும் படுக்கைக்கும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. செலவு வேறு வழியில் வந்தது. மலையிலிருந்து புதுச்சேரிக்குக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று பஸ் மாறிப் போகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் ஆகும். போக வர இரண்டு பேர் சார்ஜ். தங்க வாடகை. சாப்பாடு. இதைவிடப் பெரியது, மாமா வேலைக்குப் போகாத நாளின் கூலி. மேஸ்திரி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஆறு வெள்ளாடுகளில் ஐந்தை விற்றோம். ஆறாவது சினை என்பதால் ஆயா விடவில்லை.

யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒருவன் வீட்டில் இருந்தான். பாப்பாவின் அண்ணன். அவனுக்கு ஏழு வயசு. அம்மா போனது போனதுதான். நாற்பது நாள் வரவில்லை. வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்டால் அழுதான். ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமா, எனக்கும் அந்தக் காய்ச்சல் வருமா? வந்தா அம்மா என்கூட இருக்குமா?" என்று கேட்டான். நான் சனி, ஞாயிறு மலைக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே அக்காவிடம் காட்டிவிட்டுப் போவது என்று வைத்துக்கொண்டோம். பஸ் சார்ஜ் வீண் என்று சித்தப்பா சொன்னார். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. நோய் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் காவல் இரண்டு பிள்ளைக்கும் தேவை.

நிறுத்திவிடலாமா?

முதல் மாதம் முடிந்து மஜ்ஜையை மறுபடியும் சோதித்தார்கள். நோய் அடங்கிவிட்டது என்றார்கள். பாப்பாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். சிரித்தாள், ஓடினாள், கோழியைத் துரத்தினாள். அன்று இராத்திரி வீட்டுத் திண்ணையில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடினார்கள்.

"புள்ளதான் நல்லா ஆயிடுச்சே. மறுபடி இன்னாத்துக்கு ஊசி?" என்றார் பெரியப்பா. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மாமா குடகுக்குப் போகாவிட்டால் கடன் ஏறும். பையன் படிப்பு நிற்கும். ஆடு போய்விட்டது, அடுத்து நிலம்தான். ஊசி போட்டால் மறுபடி வாய்ப்புண், வாந்தி. நல்லா இருக்கிற பிள்ளையை நாமே ஏன் நோயாளி ஆக்க வேண்டும்? கேட்பதில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். நம் நாட்டில் பல குழந்தைகளுக்குச் சிகிச்சை பாதியில் நின்றுபோவது இப்படிப்பட்ட திண்ணைகளில்தான்.

டாக்டர் சொன்ன கணக்கை நான் சொன்னேன். நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி கெட்ட அணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் நூற்றுக்கு 99 செத்தாலும் மிச்சம் ஆயிரம் கோடி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும். ஆனால் அவை உள்ளே இருக்கும். மருந்தை நிறுத்தினால் மறுபடியும் பெருகும். இரண்டாவது தடவை வந்தால் அடக்குவது இன்னும் கஷ்டம்.

லட்சம் கோடி என்றதும் எல்லோரும் முழித்தார்கள். தாத்தா மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கோரைப்புல்லு மாதிரிங்கறான். மேல அறுத்தா கொல்லை சுத்தமாத்தான் தெரியும். கீழ கெழங்கு கெடக்கும். நாலு மழை பேஞ்சா யார் கொல்லைன்னே தெரியாது." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மறுவாரம் தாத்தா புளியமரங்களை இரண்டு வருஷக் குத்தகைக்கு விட்டார். மாமா கள்ளக்குறிச்சியிலேயே ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி குறைவுதான். ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வர முடியும்.

நமக்கு முன்னால் போனவர்கள்

இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு லைப்ரரியிலும் வெளியிலும் தேடிப் படித்தேன். நண்பர்களே, அது ஒரு பெரிய ஆச்சரியம்.

1947 வரைக்கும் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் அதை வெளியிட்டார். சில மாதத்தில் நோய் திரும்பிவிட்டது என்றாலும், இந்த நோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்பது உலகத்துக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அந்த மருந்தைத் தயாரித்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 ஆகஸ்டில் இறந்துபோனார். பாப்பா வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அவர் குழுவின் உழைப்பில் வந்ததுதான்.

பாப்பா தினம் சாப்பிடும் இன்னொரு மாத்திரை மெர்காப்டோப்யூரின். 1950களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பதினைந்து வயதில் பார்த்தவர். பெண் என்பதால் ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை கொடுக்க மறுத்திருக்கிறார்கள். டாக்டர் பட்டம் முடிக்காமலேயே 1988ல் நோபல் பரிசு வாங்கினார். டிப்ளமாதானே என்று நம்மை யாராவது இளக்காரமாகப் பேசினால் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மருந்து எங்கள் வீட்டு வேலி ஓரத்தில் இருந்தது! நித்தியகல்யாணி. சில ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். அந்தச் செடியிலிருந்து பிரித்து எடுப்பதுதான் வின்கிறிஸ்டின். 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதை நான் சொன்ன மறுநாள் ஆயா ஒரு கொத்து இலையைப் பறித்து அம்மியில் வைத்துவிட்டார், கஷாயம் போட! ஓடிப்போய்த் தடுத்தேன். இலையில் நூறு வகைச் சத்தும் விஷமும் கலந்து கிடக்கும். ஏராளமான இலையிலிருந்து மிகக் கொஞ்சமாகப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில், நரம்பு வழியே போட வேண்டிய மருந்து அது. அரைத்துக் குடித்தால் ஆபத்துதான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் சேர்ந்து படித்த பெண். தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் அவர் மனதில் இருந்தது. அவர் முயற்சியால் 1954ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955ல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். 1970களில் நம் நாட்டில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேர் கூடத் தேறவில்லை. 1984ல் அடையாறு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே மாதிரியான சிகிச்சை முறையைப் பின்பற்ற ஆரம்பித்தன. அதன் பிறகு நாலு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 45 முதல் 60 சதவிகிதம் வரை உயர்ந்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்கு 90 குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். அந்த இடைவெளிக்குப் பல காரணங்கள். தாமதமாக வருவது, கிருமித் தொற்று, பாதியில் நிறுத்துவது. இந்த மூன்றில் முதலும் கடைசியும் நம் போன்ற வீடுகளில் சரிசெய்யக்கூடியவை.

தெர்மாமீட்டரும் நோட்டும்

ஏழெட்டு மாதத்தில் கடுமையான கட்டம் முடிந்து மாத்திரைக் கட்டம் வந்தது. மாதம் ஒரு தடவை புதுச்சேரி போய் இரத்தம் பார்த்து, அதற்கு ஏற்ப மாத்திரை அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். மலையில் எங்கள் வீட்டுக்கு மூன்று சட்டங்கள். தண்ணீர் கொதிக்க வைத்தது. சோறு சூடானது. தொடுபவர் கை சோப்பு போட்டது. ஊர்க்காரர்கள் முதலில், "இன்னா, எங்களத் தீட்டுன்னு நெனக்கிறீங்களா?" என்று வருத்தப்பட்டார்கள். "உங்க சளி அவளுக்கு ஆகாது" என்று அக்கா பொறுமையாகச் சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தாள்.

நாலாவது சட்டம் தெர்மாமீட்டர். 100.4 டிகிரி தாண்டினால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாது, விடியட்டும் என்று இருக்கவும் கூடாது. வெள்ளையணு குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் இரத்தம் முழுக்கப் பரவிவிடும். 2024 கார்த்திகையில் ஒரு இராத்திரி 11 மணிக்கு 101.2 காட்டியது. மழை. மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது. சித்தப்பாவும் ஊர் இளைஞர்களும் அரிவாளோடு முன்னால் போய்க் கிளை வெட்டி வழி விட, ஜீப் பின்னால் போனது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 3. அக்கா நோட்டை நீட்டினாள். பணி டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் உடனே ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அந்த மருத்துவக் கல்லூரி 2022ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் என்றால் அந்த ஊசிக்கு இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமோ!

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் நான்தான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, மாத்திரை பெயர், எத்தனை, காய்ச்சல் எவ்வளவு. நான் விடுதிக்குப் போய்விட்டால் எழுத ஆள் இல்லை. மாத்திரை ஒரு நாள் தவறினாலும் தெரியாமல் போய்விடும். நூற்றுக்கு 95க்குக் குறைவாக மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் அக்காவே எழுத ஆரம்பித்தாள். முதல் மாதம் எழுத்துகள் ஆடு மேய்ந்த மாதிரி இருக்கும். "மெர்" என்பது "மேர்" ஆகும். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. மருந்துச் சீட்டை அவளே படிக்கிறாள். அளவு மாறியிருந்தால், "போன மாசம் ஒண்ணரை, இந்த மாசம் ஏன் ஒண்ணு?" என்று டாக்டரிடம் நேராகக் கேட்கிறாள். இப்போதெல்லாம் என்னைப் பார்த்து யாரும் கை காட்டுவதில்லை. பையன் இராத்திரி 8 மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். அது அவன் டியூட்டி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நம் கல்லூரியில் பெரும்பாலானவர்களுக்கு 18 ஆகிவிட்டது, அல்லது ஆகப் போகிறது. ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம். அதோடு இரத்தமும் கொடுக்கலாம். 45 கிலோ எடையும், 12.5 ஹீமோகுளோபினும், நல்ல உடம்பும் இருந்தால் போதும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். சிவப்பணுவைக் குளிர்சாதனத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். தட்டணு அப்படி இல்லை. அதன் ஆயுள் ஐந்தே நாள். அதையும் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். அதனால்தான் முகாமில் ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதோடு, வருஷம் முழுக்கக் கூப்பிட்டால் வரும் பத்துப் பேரும் தேவைப்படுகிறார்கள். மெஷினில் தட்டணு கொடுப்பது நாம் படித்த சென்ட்ரிஃபியூஜ் தத்துவம்தான். தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மற்றதை நம் உடம்புக்கே திருப்பிவிடும். நான் 18 முடிந்த மாதமே போய்க் கொடுத்தேன். "அப்புறம் வா" என்று சொன்ன அதே இரத்த வங்கியில்தான்! வரும் ஆண்டில் நம் மாணவர் பேரவை அப்படி ஒரு பட்டியல் தயார் செய்தால் முதல் பெயராக என்னைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. நாம் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். நம் தெருவில் படித்தவன் என்று நம்மைத்தான் கேட்பார்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத தழும்பு, எலும்பு வலி, கழுத்தில் கட்டி என்று இருந்தால், "ஊசி போடுமுன்னே ஒரு தடவை இரத்தம் எண்ணிப் பாருங்க" என்று சொல்லுங்கள். காரணம் தெரியாமல் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்த நோயைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். பணத்துக்குப் பயப்படும் வீட்டில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு என்றும், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை என்றும் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலைதான். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு ஆட்டின் விலை.

பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு போகிறாள். முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. இன்னும் சில மாத மாத்திரை பாக்கி. அது முடிந்த பிறகும் சில வருஷம் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். திரும்பி வராது என்று யாரும் சத்தியம் செய்து தரவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அடுத்த மாதம் புதுச்சேரிக்கு நான் வர வேண்டியதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குப் பிராக்டிகல் பரீட்சை இருக்கிறதாம். அவளே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, விழுப்புரத்தில் போர்டைப் படித்து பஸ் மாறிப் போய் வந்துவிடுவாளாம்.